‘கதிரை’யின் வேரும் பொருளும்: வேர்ச்சொல் வாதத்துக்கு ஒரு மறுப்பு

சொல்லொன்றின் வேரைக் கண்டவர் அச்சொல்லின் உண்மைப் பொருளையும் கண்டவராவர் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. அந்நம்பிக்கை தமிழ்ச்சூழலில் இன்றும் வலுவுடன் நிலவுகின்றது. மேடைகளிலும் மலர்களிலும் வகுப்பறைகளிலுங்கூட, ஒரு சொல்லை எடுத்துப் பகுதி விகுதியாகப் பிரித்து, ‘ஆகவே இதன் மெய்ப்பொருள் இதுவே, இன்று வழங்கும் பொருள் திரிபு’ என்று முடிவு கூறும் முறையைப் பரவலாகக் காணலாம். இம்முறையைப் போற்றுவோர் இரு சாரார். சொல்லின் முதற்பொருளே அதன் மெய்ப்பொருள் என்பர் ஒரு சாரார். சொல்லின் பிறப்பிடமே அதன் தகுதியைத் தீர்மானிக்கும் என்பர் மறு சாரார். பிறமொழியிற் பிறந்த சொல் எத்தனை நூற்றாண்டு வழங்கினும் அந்நியமே என்பது அவர்தம் துணிபு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றேயாகும். பிறப்பே பொருளையும் பிறப்பே தகுதியையும் வகுக்கும் என்பதே அது. பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரித்துப் பழகிய ஒரு சமுதாயத்தில் இத்தருக்கம் எளிதிற் செலாவணியாவதில் வியப்பில்லை. ஆயின், சொற்களின் வரலாறு இதற்குச் சான்று பகர்வதில்லை.

இதனைச் சோதிப்பதற்கு ஒரு சொல்லின் வரலாறே போதுமானது. ஈழத்துத் தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘கதிரை’ என்னும் சொல் அதற்கு மிகவும் பொருத்தமானது. அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது என்பதைப் பலரும் அறிவர். அதற்கு அப்பால் அதன் வழியைத் தொடர்ந்து சென்றோர் சிலரே. அச்சொல்லின் முன்னோர் இலத்தீனில் வாழ்ந்தனர். அதற்கும் முன்னர்க் கிரேக்கத்தில் வாழ்ந்தனர். அதன் உடன்பிறந்தோர் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இன்றும் வாழ்கின்றனர். அக்குடும்பத்தின் கதையை முழுமையாக நோக்குமிடத்து, வேர்ச்சொல் வாதத்தின் இரு கிளைகளும் நிலைகொள்ளமாட்டா என்பது தெளிவாகும்.

உரோமரின் இரண்டு இருக்கைகள்

கிரேக்கத்தில் ‘கதெத்ரா’ என்பது இருக்கையைக் குறித்த பொதுச்சொல். ‘கீழ்’ என்னும் பொருள்தரும் ‘கதா’ என்ற முன்னொட்டும் ‘இருக்கை’ என்னும் பொருள்தரும் ‘ஹெத்ரா’ என்ற சொல்லும் சேர்ந்து அமைந்தது அது. இலத்தீன் அதனை அவ்வாறே கடன் வாங்கிற்று. உரோமரிடையே அது முதுகுசாய்வுடைய, மெத்தையிட்ட, வசதியான வீட்டிருக்கையைக் குறித்தது. அதிலும் சிறப்பாகப் பெண்களின் இருக்கையாக அது கருதப்பட்டது. ஹொராஸ், மார்ஷியல் முதலிய கவிஞர்கள் இச்சொல்லைப் பெண்களோடு தொடர்புபடுத்தியே ஆண்ட இடங்கள் உண்டு. இன்னொரு வழக்கும் உடன் இருந்தது. ஆசிரியர் அமர்ந்து பாடஞ் சொல்லும் இருக்கையும் ‘கதெத்ரா’ எனப்பட்டது. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்த ஜுவெனால், தமது 7ஆவது அங்கதப் பாடலில் அறிஞரின் வறுமையைப் பேசும்போது, பயன் தராத ஆசிரிய இருக்கையை இச்சொல்லாலேயே சுட்டுகிறார்.

ஆட்சியதிகாரத்தின் இருக்கைக்கு உரோமரிடம் வேறு சொல் இருந்தது. அதுவே ‘செல்லா’. கொன்சல், பிரேட்டர் முதலிய உயர் பதவியினர் அமர்ந்த, தந்தத்தால் அணிசெய்யப்பட்ட, சாய்வற்ற மடக்கிருக்கை ‘செல்லா கூருலிஸ்’ எனப் பெயர் பெற்றது. அதில் அமரும் உரிமையே பதவியின் அடையாளம். எனவே உரோமக் குடியரசுக் காலத்தவர் ஒருவரிடம் ‘அதிகாரத்தின் இருக்கை எது?’ என்று வினவியிருப்பின், ‘செல்லா’ என்றே விடை வந்திருக்கும். ‘கதெத்ரா’ என்று கூறியிருப்பின் அவர் நகைத்திருப்பார்.

பின்னர் நிகழ்ந்தது யாது? இரு சொற்களும் தம் இடங்களை மாற்றிக்கொண்டன. ‘செல்லா’ பிரெஞ்சில் ‘செல்’ என்றாகிக் குதிரையின் சேணத்தைக் குறித்தது. மலங்கழிக்கும் இருக்கையைக் குறித்து, அதன்வழி மருத்துவ வழக்கில் மலத்தையே குறிக்கும் சொல்லாகவும் ஆயிற்று. இத்தாலியத்திலும் போர்த்துக்கேயத்திலும் அது சேணமே. ஸ்பானியத்தில் மட்டும் ‘சில்யா’ என்ற வடிவில் சாதாரண நாற்காலிக்குப் பெயராக நிலைத்தது. கொன்சலின் பெருமை எம்மொழியிலும் அச்சொல்லைப் பின்தொடரவில்லை. மாறாக, பெண்களின் மெத்தையிருக்கையாகவும் வறிய ஆசிரியரின் ஆசனமாகவும் இருந்த ‘கதெத்ரா’ ஐரோப்பாவின் மிகப் பெரிய அதிகாரபீடத்துக்குப் பெயராயிற்று.

இங்கு வேர்ச்சொல் வாதிகள் விடையளிக்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. ‘இரு’, ‘அமர்’ எனப் பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய மூலமாகிய ‘செத்’ என்பதே இரண்டுக்கும் அடி. இலத்தீனில் அது ‘செதேரே’ என்னும் வினையாகவும் ‘செல்லா’ என்னும் பெயராகவும் வந்தது. கிரேக்கத்தில் சொன்முதற் சகரம் ஹகரமாவது விதி. இலத்தீனின் ‘செப்தெம்’, வடமொழியின் ‘சப்த’ ஆகியவற்றுக்கு நேரான கிரேக்கச் சொல் ‘ஹெப்தா’ என்பதை ஒப்பு நோக்குக. அவ்விதிப்படியே ‘ஹெத்ரா’ தோன்றிற்று. வடமொழியின் ‘சத்’ என்னும் தாதுவும், அதனடியாக வந்து ஆசிரியரின் அருகே இருத்தலை உணர்த்துவதாகக் கொள்ளப்படும் ‘உபநிஷத்’ என்னும் சொல்லும் இவ்வடியினவே. ஒரே வேர் ஒரு மொழியில் மறைஞானநூலாயிற்று; ஒன்றில் பேராயரின் ஆசனமாயிற்று; இன்னொன்றில் குதிரையின் முதுகிலேறிற்று. பொருள் வேரிலே உறைந்திருக்குமாயின் இவற்றுள் எது மெய்ப்பொருள்? ‘இருத்தல்’ என்பதே மெய்ப்பொருள் எனின், அவ்விடை இவற்றுள் எச்சொல்லின் வரலாற்றையும் விளக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவாகிய விடை எதனையும் தனித்து உணர்த்துவதில்லை.

ஆசனம் அதிகாரமான வரலாறு

‘கதெத்ரா’ உயர்ந்தமைக்குக் காரணத்தை வேரில் தேடுவதிற் பயனில்லை. சமய வரலாற்றிலே தேடவேண்டும். ஆதிக் கிறித்தவ ஆயர்கள் ஆசிரியரைப் போன்று அமர்ந்தே போதித்தனர். எனவே ஆசிரியரின் இருக்கைக்குரிய பெயர் ஆயரின் இருக்கைக்கும் பெயராயிற்று. திருச்சபை அமைப்புற்று, ஆயர்கள் சமய அதிகாரத்தோடு சமூக அதிகாரமும் பெற்றபோது, இருக்கையின் பெயரும் அவ்வதிகாரத்தை ஏற்றது. ஆயரின் ஆசனம் அமைந்த தலைமைக் கோவில் ‘கதெத்ராலிஸ்’ என்ற அடைபெற்றது. இறுதியில், 1870ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள், முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் வழுவாமைக் கோட்பாட்டை வரையறுத்தபோது, அவர் ‘எக்ஸ் கதெத்ரா’, அதாவது ஆசனத்திலிருந்து, விசுவாசம் ஒழுக்கம் என்பன பற்றி விதிக்கும் போதனை வழுவற்றது எனச் சாற்றப்பட்டது. உரோமப் பெண்டிரின் மெத்தையிருக்கைக்கு இதனினும் உயர்ந்த பதவி வாய்க்க இடமில்லை.

ஒரு சொல் ஒரே காலத்தில் எத்துணை வேறுபட்ட தகுதிகளைத் தாங்கலாம் என்பதற்கு மத்தேயு நற்செய்தியே சான்று. அதன் 23ஆம் அதிகாரத்தில் மோசேயின் ஆசனம் ‘கதெத்ரா’ எனப்படுகின்றது. அதற்கு இரண்டு அதிகாரங்கள் முன்னதாக, ஆலய முற்றத்திலே கவிழ்க்கப்பட்ட புறா விற்போரின் இருக்கைகளும் அதே சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. கிரேக்க மூலத்திலும் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் நிலை இதுவே. நீதி நூலாசிரியரின் பீடத்தையும் சந்தை வணிகரின் முக்காலியையும் ஒரே நூல் ஒரே சொல்லால் உரைக்கும்போது, பெருமையும் சிறுமையும் சொல்லில் இருந்தன என்பது எங்ஙனம் பொருந்தும்? அங்கு அமர்ந்தவர் யார், எதன்பொருட்டு அமர்ந்தார் என்பவையே வேறுபாட்டைத் தந்தன.

மக்களின் வாயில் இச்சொல் வேறு வழியிற் சென்றது. ஸ்பானியத்தில் ‘கதெரா’ என்பது இன்று இடுப்பின் பக்கத்தைக் குறிக்கும். இருக்கையைக் குறித்த சொல் அதில் அமரும் உடற்பகுதியைக் குறிக்கத் தலைப்பட்டு, இருக்கைப் பொருளை ‘சில்யா’வுக்கு விட்டுக்கொடுத்தது. பேராசிரியரின் பதவிக்குப் பெயர் வேண்டியபோது ஸ்பானியர் இலத்தீன் நூல்களிலிருந்து அச்சொல்லை இரண்டாம் முறையும் எடுத்து ‘காத்தெத்ரா’ என்று வழங்கினர். இவ்வாறு ஒரே தாயின் பிள்ளைகளுள் ஒன்று பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியாகவும், மற்றொன்று உடலில் இடுப்பாகவும் ஒரே மொழியில் அருகருகே வாழ்கின்றன. ஸ்பானியப் பேராசிரியர் ஒருவரிடம் சென்று, அவர் வகிக்கும் பதவியின் மெய்ப்பொருள் இடுப்பு என்றோ, இடுப்பின் மெய்ப்பொருள் பதவி என்றோ வாதிடுவோர் எவரும் இலர். தமிழில் மட்டும் இத்தகைய வாதங்கள் ஆராய்ச்சி என்னும் பெயரால் அரங்கேறுகின்றன.

பிரெஞ்சில் நிகழ்ந்த பிரிவு இதனினும் சுவையானது. ‘கதெத்ரா’ அங்கு ‘ஷேர்’ என வந்து நின்றது. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளையொட்டிப் பாரிஸ் மக்கள் உயிரிடை ரகரத்தை ஸகரத்தின் மெல்லொலியாக உச்சரிக்கும் வழக்கம் பரவிற்று. இவ்வுச்சரிப்பைப் பாரிஸ் நகரப் பெண்களுக்குரியதாக 1528இல் வெளிவந்த தமது உச்சரிப்பு நூலிலே எராஸ்மஸ் குறிப்பிட்டார். அறிஞர் இகழ்ந்த அவ்வுச்சரிப்பில் ‘ஷேஸ்’ என்னும் வடிவம் பிறந்தது. வழக்கம் மறைந்தது, அவ்வடிவம் மறையவில்லை. இன்று பிரெஞ்சு மக்கள் தம் வீட்டில் அமர்வது ‘ஷேஸ்’ மீதே. ‘ஷேர்’ என்னும் பழைய வடிவம் குருவானவரின் பிரசங்க மேடைக்கும் பேராசிரியரின் பதவிக்கும் உரியதாக ஒதுங்கிற்று. பிழையென இகழப்பட்ட வடிவம் நாட்டின் பொதுவழக்காயிற்று. பிழை என்றும் திருத்தம் என்றும் தீர்ப்பு வழங்கும் தகுதி யாருக்கு உண்டு என்பதைத் தெளிவாக்கும் உதாரணம் இதுவாகும்.

ஒலி விதியும் செவியின் மயக்கமும்

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். வேரைத் தேடுதலே வீணெனின், மேலே கூறிய வரலாறு எவ்வாறு அறியப்பட்டது? வேரைத் தேடுதல் வீணன்று. வேரைத் தேடும் முறையும், கண்ட வேருக்கு அளிக்கும் அதிகாரமுமே ஈண்டு வினாவுக்குரியன.

இலத்தீனிலிருந்து தோன்றிய மொழிகளின் வரலாறு செவிக்கு இனிய ஒற்றுமைகளைக் கொண்டு எழுதப்பட்டதன்று. ஒலி மாற்றங்களின் ஒழுங்கைக் கொண்டு எழுதப்பட்டது. இலத்தீனில் அகரத்துக்கு முன் நின்ற ககரம் பிரெஞ்சில் ஷகரமாகும்: ‘காம்புஸ்’ (வயல்) ‘ஷாம்’ ஆயிற்று, ‘கபல்லுஸ்’ (குதிரை) ‘ஷெவால்’ ஆயிற்று. உயிரிடைத் தகரம் ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் மெலிந்து ஒலிக்கும், பிரெஞ்சில் மறையும். இலத்தீனின் ‘வீத்தா’ (வாழ்வு) ஸ்பானியத்தில் ‘வீதா’ என மெலிந்தது. பிரெஞ்சில் ‘வீ’ எனச் சுருங்கிற்று. இதே விதிகள் ‘கதெத்ரா’வின் மீதும் செயற்பட்டன. ஆகவேதான் ஸ்பானியத்தில் ‘கதெரா’வும், கத்தலானில் ‘கதிரா’வும், போர்த்துக்கேயத்தில் ‘கதெய்ரா’வும், பிரெஞ்சில் முதலெழுத்தும் இடையெழுத்தும் மாறிய ‘ஷேர்’ என்பதும் விளைந்தன. ‘ஷேர்’ என்பதும் ‘கதெய்ரா’ என்பதும் செவிக்கு உறவினவாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அவை உடன்பிறப்புகளே.

இதற்கு மறுதலையாக, செவிக்கு உறவாகத் தோன்றுவன பல உறவற்றவை. இலத்தீனில் ‘நான்கு’ என்னும் பொருள்தரும் ‘குவாத்துவோர்’ என்னும் சொல்லோடு ‘கதெத்ரா’வைப் பொருத்தி, நான்கு காலுடையது ஆதலால் அப்பெயர் பெற்றது என ஒருவர் எழுதலாம். தமிழ் வாசகருக்கு ‘நாற்காலி’ நினைவுக்கு வருவதால் அவ்விளக்கம் மிக்க கவர்ச்சியுடையதாகவும் இருக்கும். ஆயினும் அது பொய். ‘கதிரை’ என்னும் தமிழ் வடிவத்தையே நோக்குக. கதிர்காமத்துக்குக் ‘கதிரை’ என்ற குறும்பெயரும் உண்டு. ‘கதிரைவேல்’ என்னும் ஆட்பெயர் அதனடியாக வந்தது. அக்கதிரைக்கும் அமரும் கதிரைக்கும் ஒலியைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்று உலகமொழிகள் பலவற்றுக்கும் தமிழே மூலம் என ஒலியொப்புமை ஒன்றையே கருவியாகக் கொண்டு நிறுவ முற்படுவோர் கையாளும் முறை, இவ்விரு கதிரைகளையும் ஒன்றாக்கும் முறையே. விதியைக் காட்டாது ஒப்புமையைக் காட்டுவது ஆராய்ச்சியாகாது. தமிழின் தொன்மைக்கு அத்தகைய ஊன்றுகோல் தேவையுமில்லை.

இவ்விளையாட்டின் அபத்தத்தை உரோமரே உணர்ந்திருந்தனர். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் (கி.பி. 69–79) அரச ஊதியத்துடன் சொல்லணிக்கலை கற்பித்தவர் குவின்டிலியன். பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவிக்கு முன்னோடியான இருக்கையில் அமர்ந்தவர் அவர் எனலாம். பள்ளியைக் குறிக்கும் ‘லூதுஸ்’ என்னும் சொல் விளையாட்டையும் குறிக்கும். பள்ளி விளையாட்டுக்கு மிகத் தொலைவில் இருப்பதனாலேயே அப்பெயர் பெற்றது என்பதுபோல, எதிர்மறையிலிருந்துங்கூடச் சொற்பொருள் காண்பதை அனுமதிக்கலாமா எனத் தமது நூலின் முதலாம் புத்தகத்தில் அவர் எள்ளலோடு வினவினார். சொல்லாராய்ச்சியைக் குறிக்கும் ‘எத்திமொலொகியா’ என்னும் கிரேக்கச் சொல் ‘உண்மை’ என்னும் பொருள்தரும் ‘எத்துமொஸ்’ என்பதன் அடியாகப் பிறந்தது. அப்பெயரே பலரை மயக்கிவிட்டது எனலாம். வேரைக் கண்டால் உண்மையைக் கண்டதாகும் என்னும் கொள்கைக்கு இருக்கும் மிகப் பெரிய சான்று, அத்துறையின் பெயருக்குரிய வேர் ஒன்றே. வேறு சான்று அதற்கு இல்லை.

தமிழ் இலக்கண மரபும் இவ்வகையில் மிக்க நிதானமுடையது. ஒரு சொல் ஒரு பொருளைப் பெற்றதற்கான காரணம் கண்ணுக்குத் தெரியுமாறு எளிதிற் புலப்படுவதன்று என்பதைத் தொல்காப்பியர் உரியியலில் உணர்த்திச் சென்றார். ‘நாற்காலி’ போன்று காரணம் வெளிப்படையாகத் தோன்றும் சொல்லிலுங்கூட அக்காரணம் பொருளைக் கட்டுப்படுத்துவதில்லை. நடுவே ஒற்றைத் தண்டும் அடியில் ஐந்து சக்கரங்களும் கொண்டு சுழலும் அலுவலக இருக்கையும் இன்று நாற்காலியே. கால்களை எண்ணிப் பார்த்து அதனை வேறு பெயரால் அழைப்போர் இலர்.

பிறப்பும் தகுதியும்

இனி இரண்டாம் சாராரின் வாதத்தை நோக்குவாம். ‘கதிரை’ அந்நியரின் சொல், ஆதிக்கத்தின் எச்சம், ஆகவே தள்ளத்தக்கது என்பது அவர்கள் கூற்று. இதனை ஏளனஞ் செய்து ஒதுக்குதல் நேர்மையாகாது. 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கம் தமிழின் சொல்லாக்க வலிமையை மீட்டெடுத்தது. இலங்கையில் அறிவியற் பாடங்களைத் தமிழிற் கற்பிக்க முற்பட்டபோது ஆக்கப்பட்ட கலைச்சொற்களும் அவ்வலிமையின் பயனைப் பெற்றவையே. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்ததும், 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியதும், 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்ததும் வரலாறு. அவ்வாட்சி கோவில்களை இடித்ததும் வரலாறே. அவ்வரலாற்றின் வேதனை தூய்மைவாதத்தின் பின்னணியில் உண்டு என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் சொல்லின் பயணத் திசையும் ஆதிக்கத்தின் திசையும் ஒன்றே என்று கொள்வது தவறு. கி.மு. 146இல் கொரிந்து நகரை அழித்துக் கிரேக்கத்தைத் தன்னடிப்படுத்தியது உரோம். ஆயினும் ‘கதெத்ரா’ என்ற சொல்லை வெற்றி பெற்றவரே தோல்வியுற்றவரிடமிருந்து வழங்கிக்கொண்டனர். மறுபுறத்தே, உரோமரால் ஆளப்பட்ட பிரித்தானியாவின் வேல்ஸ் மக்கள் அதே சொல்லை ஆண்டவரிடமிருந்து பெற்றுக் ‘கதைர்’ என வழங்கினர். ஐந்தாம் நூற்றாண்டில் உரோமர் ஆட்சி அங்கு மறைந்தது, சொல் நின்றது. ஆங்கிலத்தின் அழுத்தத்துக்கு எதிராகத் தம் மொழியைக் காக்கப் போராடி வந்த அம்மக்கள், தம் தேசியக் கவிதை விழாவில் யாப்பமைதி பிறழாத கவிதைக்கு வழங்கும் உயர்ந்த பரிசு ஓர் இருக்கை. அதன் பெயர் இந்த இலத்தீன் சொல்லே. 1917ஆம் ஆண்டு விழாவில் பரிசுக்குரிய கவிஞராகிய ஹெத் வின் சில வாரங்களுக்கு முன்னரே உலகப் போரில் உயிர்நீத்திருந்தமையால், அவ்விருக்கை கரிய துணியால் மூடப்பட்டது. கரிய கதிரை என்றே அது இன்றும் நினைவு கூரப்படுகின்றது. அச்சொல்லை அந்நியச் சொல் என்றோ அடிமையின் அடையாளம் என்றோ வேல்ஸ் மொழிப்பற்றாளர் கருதவில்லை. அவர்களின் மொழிப்பற்றின் சின்னமே அதுவாயிற்று.

தமிழிலும் அச்சொல் அந்நியக் கோலத்தோடு நிற்கவில்லை. ‘கதெய்ரா’வின் ஈற்று ஆகார ஒலி தமிழில் ஐகாரமாயிற்று, ‘மேசா’ மேசையானதும் ‘வரந்தா’ விறாந்தையானதும் அவ்வாறே. வடசொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என்று நன்னூலார் வகுத்த விதிப்படி ‘மாலா’ மாலையானதை மாணவர் அறிவர். நன்னூலைக் கண்ணாலும் காணாத தச்சரும் வண்டிக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் ஐரோப்பியச் சொல்லுக்கு அவ்விதியையே வழுவாது செலுத்தினர். மொழியின் இலக்கணம் ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? இவ்வாறு தமிழ் உருவும் தமிழ் வேற்றுமையுருபும் ஏற்ற சொல்லை, பிறப்பை விசாரித்து வெளியேற்ற முற்படுவோர், தமிழ் மக்களின் இலக்கண அறிவையே வெளியேற்றுகின்றனர். காலத்தாற் புகுந்து வழக்கில் நிலைத்த சொற்களைக் கடிந்து விலக்க வேண்டா என்னும் கருத்துப்பட எச்சவியலில் நூற்பா இயற்றிய தொல்காப்பியர், இவ்விடயத்தில் இன்றைய காவலர் பலரினும் தாராளமானவர்.

மேலும், ‘கதிரை’யைத் தள்ளி ‘பீடம்’ என்பதைப் போற்றுவோருக்குப் பிறப்பு பற்றிய அக்கறை உண்மையில் இல்லை. பல்கலைக்கழகங்களில் கலைப்பீடம் என்றும் பீடாதிபதி என்றும் வழங்குவதும் இருக்கையைக் குறிக்கும் வடசொல்லின் அடியாக வந்ததே. வடமொழியிலிருந்து வந்தது மதிப்புடையது. மீனவரும் தச்சரும் துறைமுகத்திற் கேட்டுப் பெற்றது இழிந்தது என்னும் மனப்பான்மையே அங்கு செயற்படுகின்றது. மொழித்தூய்மை என்னும் பெயரில் நிகழ்வது பெரும்பாலும் சொற்களின் பிறப்பு விசாரணையன்று. அவற்றைப் பேசுவோரின் தகுதி விசாரணையே.

இருப்பவரும் நிற்பவரும்

இறுதியாக நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து தமிழுக்கு வந்த ‘கதிரை’ வெறும் தளபாடத்தின் பெயராகவே வழக்கில் நிலைத்தது. ஆயரின் பீடமும் ‘எக்ஸ் கதெத்ரா’வும் அன்றாடத் தமிழில் அச்சொல்லோடு உடன்வரவில்லை. ஆயினும் இன்று ஈழத்து அரசியற் பேச்சில் ‘கதிரை ஆசை’ என்றும் ‘கதிரைக்காக அடிபடுகிறார்கள்’ என்றும் கூறும்போது, அச்சொல் பதவியையும் அதிகாரத்தையும் குறிக்கின்றது. இலத்தீன் அறியாத மக்கள், இலத்தீனில் நிகழ்ந்த பொருள்மாற்றத்தைத் தாமாகவே மீண்டும் நிகழ்த்தினர். வேரில் உறங்கிய பொருள் விழித்தெழுந்தது என்று கூறுதல் மாயவாதம். சிலர் அமர்ந்திருக்கப் பலர் நிற்கவேண்டிய அமைப்பு எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இருக்கை அதிகாரத்தின் பெயராகும். பொருளைப் பிறப்பித்தது வேரன்று, சமூக உறவு.

அவ்வுறவு எத்துணைக் கொடியதாக இருந்தது என்பதை யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு காட்டும். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பாடசாலைகளில் ஏனையோருடன் வாங்கில் அமர அனுமதிக்கப்படாது தரையில் அமர்த்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, அதனை எதிர்த்துக் கிளர்ந்தோரும் இருந்தனர். ‘வாங்கு’ என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே. எதிர்த்தோரை அச்சொல்லின் அந்நியப் பிறப்பு வருத்தவில்லை; அதில் அமர்ந்த பிள்ளையின் பிறப்பே வருத்தியது. அப்பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது சொல்லன்று, இருக்கை. சொற்களின் பிறப்பை விசாரிக்கும் மனமும் மாந்தரின் பிறப்பை விசாரிக்கும் மனமும் ஒரே பள்ளியிற் பயின்றவை என்று கூறின் அது மிகையாகாது.

சொல்லாராய்ச்சி பல்கலைக்கழகத்தில் இருக்கவேண்டும்; இன்றிருப்பதினும் வலுவாக இருக்கவேண்டும். ஆனால் அது நீதிமன்றமாக இருத்தல் ஆகாது. வரலாற்றுத் துறையாக இருத்தல் வேண்டும். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், பாண், லேஞ்சி முதலிய சொற்கள் எவ்வெவ்வூரில் எவ்வெப்பொருளில் எவரிடையே வழங்குகின்றன, எவை மறைந்துவருகின்றன, எவை புதுப்பொருள் பெறுகின்றன என்பவற்றை ஊர் ஊராகச் சென்று தொகுக்கும் பணி மாணவருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் உரியது. அவற்றை வழங்கிய முதியோர் மறையுந்தோறும் சான்றுகளும் மறைகின்றன. மேடையில் அமர்ந்து ஒரு சொல்லின் மெய்ப்பொருளைச் சாற்றுவோரிடம் மாணவர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டே: எந்த ஒலி விதி? யாருடைய வழக்கு? இவ்விரண்டுக்கும் விடை கூற இயலாதவர் எத்தகைய கதிரையில் அமர்ந்து பேசினும், அவர் கூற்றை ஏற்கவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை.